மாமா கொடுத்த விடுமுறைகள்

மாமா ஒரு பெரிய கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவருக்கு ஒரு மேசையும் கணினியும் உண்டு. அங்கே உட்கார்ந்தபடி தம் பிரிவில் எல்லோருக்கும் அவர் விடுமுறை வழங்கிவந்தார். அந்த அதிகாரம் தமக்கு இல்லை என்பது அவருக்கே தெரியாது.

விடுமுறைக்குக் கம்பெனியின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; மேனேஜர் பார்த்து அனுமதிப்பார். ஒருநாள் மேனேஜரின் பிரிண்டர் மக்கர் பண்ணியது. "இதைக் கொஞ்சம் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க" என்று, தாம் அனுமதி கொடுக்கும் பக்கத்தின் லிங்க்கை மாமாவுக்கு அனுப்பினார். மாமா தம் சொந்தப் பாஸ்வேர்டைப் போட்டார், திறந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்குக் கீழும் 'அனுமதி', 'மறுப்பு' என்று இரண்டு பொத்தான்கள். மறுநாளும் திறந்தது. மேனேஜர் தம்மை நம்பி ஒரு பொறுப்பைத் தந்துவிட்டு வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் அவர் கறார். "தலைவலின்னு போட்டிருக்கான். சாயங்காலம் வரைக்கும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னவன்" என்று வேன் ஓட்டுநருக்கு மறுத்தார். மாமா உடனுக்குடன் முடித்துவிடுவதால் அந்தப் பக்கம் எப்போதும் காலியாக இருப்பதைப் பார்த்து மேனேஜரோ, "என் நிர்வாகத்துல யாரும் லீவே கேக்கறதில்ல" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பீற்றிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

நான் ஊர் சுற்றிவிட்டு வந்து மாமா, அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது, வெளியூரில் இருந்த அவர்கள் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மாமாவின் விண்ணப்பம் மட்டும் அசையாமல் கிடந்தது.

"ஊருக்கெல்லாம் லீவு கொடுக்கறீங்க. உங்களுக்குக் கொடுத்துக்க முடியாதா?" என்றாள் அத்தை.

"எனக்கு நானே கொடுத்தா அதுக்குப் பேரு லீவு இல்ல, மட்டம்."

"அப்ப நேர்ல போய் மேனேஜர்கிட்ட கேளுங்க."

"பொறுப்பைத் தட்டிக் கழிக்கறேன்னு நினைப்பாரு."

"சரி, பேரப்பிள்ளை நடந்து வந்து உங்களைப் பார்க்கட்டும்."

நான் மெல்லச் சொன்னேன். "மாமா, அந்தப் பக்கம் உங்களுக்குத் திறக்கவே கூடாது. நீங்க கம்பெனி ஆளான்னு மட்டும்தான் அது பார்க்குது. லீவு கொடுக்கற ஆளான்னு பார்க்கல."

மாமாவின் முகம் வெளுத்தது. "அப்ப நான் கொடுத்ததெல்லாம்?"

"போய் ஒத்துக்கிட்டு வாங்க" என்றாள் அத்தை. "வேலை போனா இன்னும் நல்லது. பிரசவம் முடிஞ்சும் அங்கேயே இருக்கலாம்."

மறுநாள் மாமா மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேனேஜர் நம்பவில்லை. கையில் கிடைத்த வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டு, அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு அதே லிங்க்கைத் திறக்கச் சொன்னார். திறந்தது. ஓட்டுநரை அனுப்பிவிட்டு, கூட்டங்களில் தாம் பேசியதையெல்லாம் நினைத்தபடி மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"இதை மெதுவா சரிபண்ணிக்கலாம். வெளியில சொல்ல வேண்டாம்."

"மெதுவா எப்படி சார்? இப்ப அந்த டிரைவரும் கத்துக்கிட்டாரு."

மேனேஜர் பாய்ந்து போனை எடுத்தார். கணினிப் பிரிவுப் பெண் வந்து, மேனேஜரைத் தவிர யாருக்கும் அந்தப் பக்கம் திறக்காதபடி செய்துவிட்டுப் போனாள். அங்கே ஓட்டுநரின் விண்ணப்பம் ஒன்று புதிதாக வந்து, அவர் கையாலேயே அனுமதியும் பெற்றிருந்தது. அதை ரத்து செய்ததும் மாமாவின் விண்ணப்பம் மட்டும் மிஞ்சியது.

"இதுல எதை அமுக்கணும்? மறந்தே போச்சு" என்றார் மேனேஜர்.

"இடது பக்கம் இருக்கறதை. முதல்ல காரணத்தைப் படிங்க சார்."

மேனேஜர் படித்தார். "தாத்தா ஆகப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அமுக்கினார்.