வெள்ளைப்பாய்க்கு இரண்டு வேளைத் தண்ணீர்

நகரப் பூங்காவில் இருபத்திரண்டு வருஷம் கல்தோட்டம் பார்த்தவளுக்குச் சரளையக்கா என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. செடி வாடினாலும் சரி, பாதை சேறானாலும் சரி, அவள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ரெண்டு கூடை சரளை கொண்டாந்து கொட்டு." மேலதிகாரியின் தலைவலிக்கும் அதையே சொல்வாள் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள்.

ஆனால் அவள் உயிராக வளர்த்தது பூங்காவில் இல்லை, வீட்டு வாசலில் இருந்தது. தெருக்கதவு வரை பாதையின் இரண்டு ஓரமும், பக்கத்தில் அவளே கல் அடுக்கிக் கட்டிய மேடும் முழுக்க ஒரே செடி. ஒரு சாணுக்கு மேல் வளராது, தரையோடு தரையாகப் படரும். பனியோ வெயிலோ இலையின் பச்சை மாறாது. குளிர் விட்டதும் இலையே தெரியாதபடி வெள்ளையாகப் பூத்துத் தள்ளும். அதன் முழுப்பெயர் பூங்காப் பலகையில் இருந்தது. அவளுக்கு அது வெள்ளைப்பாய். பூங்காவில் வெட்டி எறிந்த நான்கு துண்டுகளைக் கொண்டுவந்து நட்டு, மண்ணைத் தொட்ட கிளை வேர்விட வேர்விடப் பிரித்து வைத்து, பதினான்கு வருஷத்தில் அவ்வளவையும் உண்டாக்கியிருந்தாள்.

அந்தச் செடிக்கு வேண்டியதை விட வேண்டாததுதான் அதிகம். எரு வேண்டாம், நிழல் வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் வேண்டாம். வேர் பிடித்த பிறகு மழையே போதும். பூ முடிந்த கையோடு மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் வரை அது பாட்டுக்கு இருக்கும்.

அவள் கட்டிக்கொண்டவரோ தண்ணீர்க்காரர். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் முப்பது வருஷம் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்ணீரால் தீராத சங்கடம் ஒன்று உண்டு என்று சொன்னால் சண்டைக்கு வருவார். இந்த ஜோடியை எந்தப் புண்ணியவான் சேர்த்து வைத்தானோ! வாளியோடு அந்த மேட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "கை வைக்காதீங்க" என்றாள். அவர் கை வைக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. அசதி போலிருக்கிறது என்று அவர் போர்வையை இழுத்து மூடிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். மத்தியானம் வந்து பார்த்தபோது வாய் கோணிக் கிடந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த மனுஷன் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். அன்றிலிருந்து பம்புக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பால் கொண்டுவருகிறவரிடம்கூட, "தூங்குறாளேன்னு விட்டுட்டேங்க. நான்தான் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வலது கை, வலது கால், நாக்கு மூன்றும் போயின. காது, கண், புத்தி, கோபம் நான்கும் சேதாரமில்லாமல் இருந்தன. இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோடுதான் வந்தது, எழுத்து வரவில்லை. செடியைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று கட்டிலை முன்ஜன்னல் ஓரம் நகர்த்திப் போட்டார்கள்.

மறுநாளே அவர் வாளியோடு மேட்டுக்குப் போனார்.

"நீ கவலைப்படாத. ஒருநாள் விடாம ரெண்டு வேளை ஊத்துறேன். இது பூக்குறப்ப நீ பேசுவ பாரு!"

அவள் இடது கையை வேகவேகமாக ஆட்டினாள். அவரும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு இன்னொரு வாளி ஊற்றினார்.

அவளும் சும்மா விடவில்லை. தலையை இல்லையென்று ஆட்டினாள்; பூக்காது என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "பூக்கும் பாரு" என்று அவர் தேற்றினார். ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டினாள். அவர் மூத்திரத் தட்டோடு ஓடிவந்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீரை வேண்டுமென்றே தரையில் கொட்டிக் காட்டினாள். "கை நடுங்குதா?" என்று கேட்டு, துடைத்துவிட்டு, ஸ்பூனால் ஊட்டினார். மகள் போனில், "அப்பா உன் செடிய எப்படிப் பாத்துக்கிறாரு தெரியுமாம்மா?" என்று உருகினாள். தெரியும், நன்றாகவே தெரியும். எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. தன் மேல்தான் அதிகம் வந்தது. பதினான்கு வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒரு வார்த்தை, ஏன் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இரண்டாம் மாதம் செடியின் நடுப்பகுதி பழுப்பாயிற்று. பதறிப்போய் அவர் வாளியைப் பெரிதாக மாற்றினார். கல்லிடுக்கில் பாசி பிடித்தது. பாதையோரம் முழுக்கப் போய், மேட்டின் உச்சியில் மட்டும் ஒரு கைப்பிடிப் பச்சை மிச்சமிருந்தது. அதையாவது விடுங்கள் என்று சொல்ல அவளிடம் ஒரு கண்ணீர்தான் இருந்தது. அதையும் அவர் துண்டால் துடைத்துவிட்டார்.

அப்போதுதான் அவளைப் பார்க்கக் கத்திரி என்கிறவர் வந்தார். பூங்காவில் அவளோடு பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். எந்தச் செடியைப் பார்த்தாலும் கை வெட்டத் துடிக்கும் என்பதால் அந்தப் பெயர். பம்புக்காரர் அவரை நேராக மேட்டுக்கு இழுத்துப் போனார். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

கத்திரி குனிந்து மண்ணில் விரலை விட்டார். சேறோடு வந்தது. ஒரு கிளையை இழுத்தார். அழுகிப்போய் வேரில்லாமல் கையோடு வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. சரளையக்கா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டாள். சொல்லு தம்பி, சொல்லு. இன்றைக்குத் தண்ணீரை நிறுத்தினால் அந்த உச்சி பிழைக்கும். அதிலிருந்து மறுபடி எல்லாம் வரும்.

"என்ன நோய் தம்பி? மறைக்காம சொல்லுங்க" என்றார் பம்புக்காரர். முழங்கால் வரை வேட்டி நனைந்திருந்தது. "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நான்தான் விட்டுட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அதே குரல். ஒரு பழியைச் சுமக்கவே முதுகு வளைந்துவிட்ட ஆள்.

கத்திரி ஜன்னல் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்டது அந்தப் பார்வை.

அவள் தலையை இல்லையென்று ஆட்டினாள். மெதுவாக, இரண்டு தடவை. நான்கு மாதத்தில் அவள் சொன்னது ஒருவருக்கு உடனே புரிந்தது அதுதான் முதல் தடவை.

கத்திரி கையிலிருந்த கிளையைக் கீழே போட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணல மாமா. செடிக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்." பிறகு மனசு கேட்காமல், "கொஞ்ச நாள் அது பாட்டுக்கு விட்டுப் பாருங்களேன்" என்றார்.

"விடுறதா?" பம்புக்காரர் பதறினார். "ஒருதடவை விட்டதே போதும் தம்பி. வயசாயிடுச்சுன்னா விட்டுட முடியுமா? இனிமே மத்தியானமும் ஊத்துறேன்."

காலி வாளியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது, நான்கு மாதமாக அவள் பார்க்காத முகம்.

"கேட்டியா? என்மேல தப்பு இல்லையாம்."

அவள் தலையாட்டினாள். அவர் போய்க் குழாயைத் திறந்தார்.