நஸ்ரீன் செய்த நல்ல கணக்கு

வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை என் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போகாவிட்டால் முதுகலைப் பதிவு இரத்தாகும். வினாகிரியின் அமிலமும் எதனோலும் சேர்ந்து எசுத்தரும் தண்ணீரும் தருகிற இரசாயனத் தாக்கத்தின் அட்டவணை அது. நான்கு மூலக்கூறுகளின் வெப்பவுள்ளுறையையும், அதாவது உள்ளடங்கிய வெப்பச் சக்தியையும், கணினியில் கணித்து, எசுத்தர், தண்ணீர் என்ற விளைவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து, மற்ற இரண்டுமான தாக்கிகளுடையதைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

யுத்தக் காலம். ஓர்ஸ் ஹில்லில் என் அறைக்கு மின்சாரம் நான்கு மணித்தியாலம் வந்தால் அதிகம். ஆகவே தாக்கிகளை நான் எடுத்துக்கொண்டேன். விளைவுகளை, என்னோடு வேலைக்குச் சேர்ந்த நஸ்ரீன் குடாவுக்கு அப்பால் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனாள். அங்கே அவள் நானா என்று அழைக்கும் அண்ணனின் கடையில் ஜெனரேற்றர் இருந்தது.

வியாழன் காலை படகேறி, கைப்பையில் டிஸ்க்கோடு வந்தாள். கழித்தோம். சோதனைக் குழாயைத் தொட்டால் சூடு தெரியாத தாக்கம், துறைமுகத்தையே தூக்கி எறிகிற வெப்பத்தைக் காட்டியது.

“இதைக் கொண்டுபோனா ஆமி சென்றியில என்னத்தான் முதல்ல பிடிப்பாங்க, வதனி,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்புகளைத் திறந்தேன். குணகங்கள் சரி. வெப்பநிலைத் திருத்தம் சரி. மேலே, நாங்கள் யாரும் வாசிக்காத முதல் வரியில், கணித்த முறையின் பெயரும், எலத்திரன்களை விவரிக்கும் சார்புத் தொகுதியான பேசிஸ் செற்றின் பெயரும்; இரு பக்கமும் செற் வேறு.

“நஸ்ரீன், நீங்கள் பெரிய பேசிஸ் செற்றா போட்டனீங்கள்?”

“ஓம். உங்கட தீசிஸ்தானே, நல்லதாச் செய்வம் எண்டு. மூண்டு நாள் ஓடிச்சு.”

“நான் சின்னதெல்லோ போட்டனான். பெரிசு போட்டா கணிக்கிற சக்தி இறங்கும். உங்கட பக்கம் மட்டும் இறங்கிக் கிடக்கு.”

அவள் கதிரையில் சாய்ந்தாள். “அப்ப என்ட மூண்டு நாளும் நானாட டீசலும் வீணா?”

“ஓம்.”

கதிரையை முன்னுக்கு இழுத்தாள். “சரி, சின்னதையே போடுங்க. கரண்ட் இருக்கக்குள்ளயே.”

சின்ன முறை வேகமானது. தண்ணீர் உடனே முடிந்தது. எசுத்தர் பாதியில் இருக்க, மின்சாரம் போய் யுபிஎஸ் கீச்சிட்டது. நஸ்ரீன் திரையை மறைப்பதுபோல் கையை விரித்தாள். கீச்சொலி நின்றது; மின்விசிறி திரும்பச் சுழன்றது.

கழித்தேன். பூச்சியத்துக்குப் பக்கத்தில், கழித்தல் குறியோடு ஒரு சிறிய மறை எண். அதை அட்டவணையில் எழுதினேன். நஸ்ரீனுக்கும் கடைசிப் படகு கிடைத்தது.

இன்று என் மாணவர்கள் விடையோடு வந்தால், இரு பக்கக் கோப்புகளின் முதல் வரிகளை அருகருகே வைக்கச் சொல்கிறேன். இரு பக்கமும் ஒரே அளவு கரடுமுரடாக இருந்தால் பிழையும் பிழையும் பெரும்பாலும் கழிந்துபோகும். ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்த நல்லதுதான் கழியாமல் நிற்கும்.