வூடு இல்லமான கதை

வேல்ஸ் நாட்டு ஆதிப் பாணர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கள்ளக்குறிச்சியில் எங்கள் இலக்கிய மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். போரில் செத்தவர்களைப் பாடியவர்கள் அவர்கள். அப்படிப் பாடிய ஒரு பாட்டு ஒரே ஒரு பழைய கைப்பிரதியில்தான் தப்பிப் பிழைத்தது. அதைப் படியெடுத்தவர்களில் ஒருவன், தன் காலத்துக்கு முந்தின எழுத்துக்கூட்டலைப் பல இடங்களில் மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தான். பாட்டு பழசு என்பதற்கு அதுவே சாட்சி.

கூடவே, கல்வராயன் மலையில் ஒரு அம்மா பாடிய ஒப்பாரியையும் கொடுத்தேன். சாமை அறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துச் செத்தவர் அவர் புருஷன். "அவரு பேரு எந்தக் கல்லுலயும் இல்லீங்க. இதாச்சும் நான் பாடினாப்லயே புக்குல இருக்கட்டும்" என்று கேட்டார். சரி என்றேன்.

வெளியீட்டு விழாவில் நுழைந்ததுமே எரிச்சல். 'வேல்ஸ்' என்றிருந்ததைப் பார்த்து ஃபிளக்ஸ்காரன் பேனரில் முருகனுடைய வேலின் படத்தைப் போட்டு வைத்திருந்தான். அது தொலையட்டும். மன்றத் தலைவர் மேடையில் மலரைப் பிரித்து ஒப்பாரியைப் படித்தார்.

"இல்லம் திரும்ப மாட்டாயோ..."

முன்வரிசையில் இருந்த அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இது இன்னாங்க? 'வூடு திரும்ப மாட்டியா'ன்னுதானே பாடினேன்? இல்லம்னு கூப்ட்டா அந்தாளுக்கு எங்க வர்றதுன்னே தெரியாதே!"

மேடையேறி, "யாரு திருத்துனது?" என்றேன்.

"நான்தாங்க" என்றார் தலைவர். "கொச்சையா இருந்திச்சு. வூடுன்னு போட்டா நாலு பேரு சிரிப்பாங்க."

"என் கட்டுரையில ஏன் கை வைக்கல?"

"அது வெளிநாட்டு விஷயமாச்சே! அதுல நமக்கு இன்னா தெரியும்?"

கடல் தாண்டி இருப்பவன் பாட்டுக்கு மரியாதை. நம் மலைக்காரி பாட்டை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். நாளைக்கு இதே ஆட்கள்தான் பழம்பாட்டெல்லாம் அழிந்துபோச்சே என்று மைக் பிடித்து மூக்கைச் சிந்துவார்கள். த்தூ.

"அடுத்த மலர்ல திருத்தம் போட்டுடலாம், உக்காருங்க" என்றார் தலைவர்.

"அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரு தெருவுலயே நிக்கட்டுமா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

மேசையிலிருந்த மலர்க்கட்டை இழுத்து, பேனாவால் இல்லத்தை அடித்து வூடு என்று எழுத ஆரம்பித்தேன்.

"புக்கை நாசம் பண்றீங்களே!" என்று தலைவர் கத்தினார்.

முதல் பிரதியை அந்த அம்மா பிடுங்கிக்கொண்டார். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மை காயவில்லை. மலரை மூடாமல் விரித்துப் பிடித்தபடியே நடந்தார்.