நான் குள்ளமான கதை

எங்கள் குருண் ஊர்த் தையல்காரரோடு நான் வெகுகாலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை உள்பாவாடையைப் பற்றியது. அவர் புதிதாகத் தைத்துக் கொடுப்பதெல்லாம் தரையைக் கூட்டியது. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலத்துப் பாவாடை ஒன்றைத்தான் எப்போதும் அளவுக்குக் கொடுப்பேன். இடுப்புக்குப் பத்தாமல் போன பிறகும் நீளத்துக்கு அதுதான் எனக்குச் சட்டம்.

"அக்கா, நீங்க கொடுத்த அளவுக்குத்தானே தைச்சேன். வேணும்னா வச்சுப் பாருங்க லா" என்பார்.

வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நீளம்தான். அப்படியும் விடுவேனா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவரைக் குத்திக் காட்டிவிட்டு, இடுப்பில் ஒரு சுற்று மடித்துச் செருகிக்கொள்வேன்.

புடவை வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் பஞ்சாபி உடை. அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் நான் ராணி. பசாரில் மீன் வாங்கவோ, தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவோ யார் தயவும் எனக்கு வேண்டியிருந்ததில்லை. கணவர் போன பிறகு தனியாக இருப்பவள் நான். அந்த மோட்டார் இருந்ததால் தனிமை உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டார் காரில் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டோடு படி இறங்கும்போது இடுப்பு மடிப்பு அவிழ்ந்து பாவாடை காலில் சிக்கியது. தேங்காய் ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம். கையை ஊன்றினேன், மணிக்கட்டு ஒடிந்தது. மோட்டாரிலிருந்து ஒருநாளும் விழாதவள் சாமி கும்பிடப் போய் விழுந்தேன்.

ஒரு படி தவறி விழுந்ததற்கா இப்படி ஒடியும் என்று ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சந்தேகம். சின்னப் பெண். முதுகையும் படம் எடுத்தாள், உயரத்தை அளந்தாள். தொழிற்சாலையில் சேரும்போது அளந்த உயரத்தை நான் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சு. முதுகெலும்பு ஒன்னு எப்பவோ நசுங்கியிருக்கு. அதான் உயரம் குறைஞ்சிருக்கீங்க."

அந்த முதுகு வலியை வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்! பாவாடை வளரவில்லை, நான்தான் தேய்ந்திருக்கிறேன். பாவம் அந்தத் தையல்கார அண்ணன். வலித்த கையோடு வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர் பயந்துபோனாள்.

"இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிடும்" என்றாள் அடுத்து. சிரிப்பு நின்றது. செய்தி கேட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்ற என் மகன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டைப் பூட்டிட்டு எங்கூட ஜித்ராவுக்கு வந்துரும்மா. இனிமே உன்னைத் தனியா விட மாட்டேன்."

மருமகள் தங்கமானவள். ஆனால் என் வீட்டில் நினைத்த நேரத்துக்கு ரசம் வைப்பேன், நினைத்த நேரத்துக்குத் தூங்குவேன். அங்கே கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

கை எலும்பு கூடும்வரை அவன் வீட்டில் இருந்தேன். ஊசி, மாத்திரை, நெத்திலி, காலை வெயில் என எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குருண் வீட்டுக் குளியலறையில் கைப்பிடி வைக்கவும் சம்மதித்தேன். அவன் மசியவில்லை. "அந்த மோட்டார் இருக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராதும்மா" என்றான்.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்: "மோட்டாரை வித்துடு. என்னைய என் வீட்டுல விடு."

"நெசமாவாம்மா?"

"சொன்னா சொன்னதுதான்."

வீடு திரும்பிய அன்றே பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி மோட்டாரை எடுத்துப்போக வந்தாள். என்னிடம் முரண்டு பிடிக்கும் வண்டி அவளுக்கு ஒரே உதையில் கிளம்பியது, துரோகி! சத்தம் தெருமுனை திரும்பிய பிறகும் நான் வாசலை விட்டு நகரவில்லை. மகன் என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"வேணும்னா திருப்பி வாங்கிடறேன்மா. நீ எங்கூடவே வந்து இரு."

"வேணாம். மழை வர மாதிரி இருக்கு, நீ கெளம்பு."

அவன் கார் போகும்வரை சிரித்த முகத்தோடு கையாட்டினேன். பிறகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டு, என் வீட்டில் உட்கார்ந்து, ஆசைதீர அழுதேன்.