புகையேற்றிய கண்ணாடி

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் சூரியனைப் பற்றியும் என்னைத்தான் கேட்டார்கள். ஜவ்வாது மலையில் சாமை அறுப்பெல்லாம் முடிந்திருந்த மாசி மாதம், எண்பதாம் வருஷம்.

கிரகணத்தன்று மதியம் அம்மா சாணம் கரைத்த தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி வாசலில் வைத்தாள். அதில் தெரிவதை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் ஊர் வழக்கம். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவன் சாணித் தண்ணீரிலா பார்ப்பது? உடைந்த சாமி படத்தின் கண்ணாடித் துண்டைச் சிமினி விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்கினேன். அதன் வழியே அந்த விளக்கையே பார்த்தேன். சுடர் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. சோதனை முடிந்தது.

மாடு ஓட்டிவந்த அண்ணன் அதை வாங்கிப் புரட்டினான். என்னைவிட ஆறு வயது மூத்தவன், பள்ளிக்கூடம் போகாதவன்.

"இன்னா வாத்தியாரே, கண்ணு அவிஞ்சி பூடாதே?"

"கண்ணு கூசலன்னா ஒண்ணும் ஆவாதுண்ணா."

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் பார்ப்பதற்குள் அம்மா என் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கூரை ஓட்டைகளின் வழியே தரையில் விழுந்த வெயிலெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகளாகக் கிடந்தது. அவற்றை மிதித்துக்கொண்டு அழுதேன். வெளியே கண்ணாடியோடு நின்ற அண்ணன், "தேஞ்சிகினே வருதுடா! இன்னும் கொஞ்சந்தான்டா!" என்று எனக்காகக் கத்திக்கொண்டே இருந்தான்.

மறுநாளிலிருந்து அவன் மாறிவிட்டான். என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரையோ மரத்தையோ பார்த்தபடிதான் பேசுவான். புளியமரம் ஏறமாட்டேன் என்று அப்பாவிடம் அடி வாங்கினான். கண்ணாடியைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்பா அவனைச் சோம்பேறி என்றார். நானும் சொன்னேன். பிறகு பேசுவதையே நிறுத்திக்கொண்டேன்.

"இன்னாடா, ஒரு வார்த்த பேச மாட்ற?" என்று ஒருநாள் கேட்டான். அப்போதும் முகம் வேறு பக்கம்தான்.

"மூஞ்சப் பாத்துப் பேசு, பேசறேன்."

நேராகத் திரும்பினான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த வருஷமே காப்பித் தோட்ட வேலைக்கென்று மலையிறங்கியவன், இன்றுவரை திரும்பவில்லை.

போன மாதம் கல்லூரியில் கண்ணைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். புகைக் கண்ணாடி கூச்சத்தைத்தான் மறைக்கும், சுடுவதைத் தடுக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோனால் பார்வையின் நடுப்பகுதி அழிந்து ஓரம் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவன் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வேறு பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும்.

அண்ணன் என்னைப் பார்ப்பதற்காகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் கேட்டேன் என்பதற்காக ஒரே ஒருமுறை நேராகப் பார்த்தான். அப்போது அவனுக்கு என் முகம் தெரிந்திருக்காது.