கருங்காலியின் பாவு

ஆரணியில் நான் நடத்திய முதல் வேலைநிறுத்தத்தை நானே கெடுத்திருப்பேன். அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

எழுபதுகளின் நடுவில், சந்தவாசல் பக்கம் விவசாயக் கூலிகளோடு இருந்த என்னைக் கட்சி பட்டு நெசவாளர் சங்கத்துக்கு அனுப்பியது. எனக்கு வயல் தெரியும், மேடை தெரியும், தறி தெரியாது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பட்டு நூலைத் தரும்போதும் சேலையை வாங்கும்போதும் முதலாளி எங்கள் கண்முன்னால் எடை போட வேண்டும். உள்ளே போய் எடை போட்டுவிட்டு வந்து, நூல் குறைகிறது என்று நெசவாளியைத் திருடனாக்குவார்கள்.

மில் என்றால் கேட்டில் நின்று மறிக்கலாம். இங்கே வீட்டுக்கு வீடு தறி. சத்தம் கேட்கிறதா என்று தெருத்தெருவாக நடந்தேன். எட்டு நாள் ஒரு தறியும் ஓடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை தெருமுனையில் கூட்டம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முனுசாமி தன் வீட்டு முன்னால் பாவு நீட்டினார். தறியில் ஏற்றப்போகும் இழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதுதான் அது. மறுநாள் அவர் தறி ஓடும். ஒன்று ஓடினால் பத்து ஓடும். பேச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

போய்க் கேட்டேன். "தறி மொதலாளியோடது தோழரே. புடுங்கினு பூடுவேன்றாரு. நான் இன்னா பண்றது?" என்றார்.

திரும்பி வந்து மைக்கிலேயே அவரைக் கருங்காலி என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் பட்டு பாழ். கூட்டம் மொத்தமும் எழுந்து முனுசாமியின் பாவை நோக்கி ஓடியது.

"அது கருங்காலி பாவு. நனையட்டும், யாரும் தொடாதீங்க" என்று கத்தினேன்.

சங்கத் துணைச் செயலாளர் ராஜம்மா திரும்பிப் பார்த்தார். அவரும் நெசவாளிதான். "யாரு பாவா இருந்தா இன்னா? மழ வந்தா புடிக்கணும். பேசிகினு நிக்காம ஜல்தியா வந்து அந்தக் கோலப் புடிங்க தோழரே."

பிடித்தேன். பாவு கட்டியிருந்த கோலின் மறுமுனையில் முனுசாமி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தோம்.

மதியம் அவர் அதே பாவைத் தோளில் சுமந்துகொண்டு சங்க ஆபீசுக்கு வந்தார். "இது இங்கியே இருக்கட்டும். ராஜியானதும் எடுத்துனு போறேன்."

"தறியப் புடுங்க வந்தா?" என்று கேட்டேன்.

"பாவு நனையுதுன்னு ஓடியாந்தவங்க, தறி போவுதுன்னா வர மாட்டாங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "மைக்குல திட்டினீங்க. மைக்குலியே சொல்லுங்க" என்றார். மாலைக் கூட்டத்தில் சொன்னேன். என் பேச்சுகளில் அதற்குத்தான் அதிகம் கை தட்டினார்கள்.

இரண்டு வாரத்தில் தராசு முதலாளி வீட்டு வாசலுக்கு வந்தது. முனுசாமியின் தறியை யாரும் தொடவில்லை.

பிறகு நகராட்சித் தேர்தலில் நின்றேன், தோற்றேன், ஜெயித்தேன். எத்தனையோ போராட்டம் பார்த்தாயிற்று. ஒற்றுமையைக் கற்றுக்கொடுக்கப் போன ஊரில் அது எனக்கு முன்பே இருந்தது. எனக்குத்தான் கண் தெரியவில்லை. சங்க வேலைக்கு வரும் இளம் தோழர்களே, ஒரு ஊருக்குப் போனதும் மைக்கைத் தேட வேண்டாம். மழை வந்தால் அந்த ஊர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். நீங்களும் கூடவே ஓடுங்கள்.