அண்டாவின் பேரில் விழுந்த பழி

பசறை பஸ் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பில் இராக்கம்மா பித்தளை, செம்புப் பாத்திரங்களை ஒட்டிக்கொடுத்து வந்தாள். புருசன் செய்த தொழில்தான். பக்கவாதத்தில் அவனுடைய வலது கை விழுந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அவள் ஈயம் பற்றவைக்கும் கோலை எடுத்தாள். அவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. பொம்பளை வைத்த ஒட்டு நிற்குமா என்று முதலில் கேட்டவர்களெல்லாம் பிறகு அவளிடமே வந்தார்கள்.

போன வருடத் திருவிழாவுக்கு முன்பு, மேல் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செம்பு அண்டாவைக் கோயில் கமிட்டித் தலைவன் விஜேந்திரன் ஆட்டோவில் ஏற்றிவந்தான். அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அது மேலும் ஓடாமலிருக்க இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு, பித்தளைப் பொடியும் வெண்காரமும் வைத்துப் பற்றவைத்தாள். உள்ளே வெள்ளீயம் பூசினாள். தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

திருவிழா அன்னதானம் முடிந்த மறுநாள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டது. நாற்பது பேருக்கு மேல் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அண்டாவில் பூசிய ஈயத்தில் கலப்படம் என்று விஜேந்திரன் சொன்னான். யாரோ அண்டாவையும் அவளுடைய சாய்ப்பையும் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். அந்த வாரமே ஆட்கள் வந்து, கொடுத்த பாத்திரங்களை அப்படி அப்படியே எடுத்துப்போனார்கள். ஒருத்தி பாதி ஒட்டிய குத்துவிளக்கைச் சூடு ஆறுவதற்குள் பிடுங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இராக்கம்மா தடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. அண்டாவில் குற்றமில்லை. சமையலுக்கு எடுத்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மரநாய் செத்து அழுகிக் கிடந்திருக்கிறது. திருவிழாவுக்கு முன் தொட்டியைக் கழுவும் பொறுப்பு கமிட்டியுடையது. அறிக்கை கமிட்டிக்குப் போனது, அங்கேயே இருந்துவிட்டது. பரிசோதகரே பஸ்ஸுக்கு நிற்கையில் சாய்ப்புக்கு வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு அவள் தோட்டத்துக்கு ஏறிப்போனாள். மைக்கில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று விஜேந்திரனிடம் கேட்டாள்.

“நடந்தது நடந்துபோச்சுக்கா. இப்ப அதக் கிளறுனா கோயிலுக்குத்தான் கேவலம்.”

“தொட்டிய கழுவாதது நீங்க தலைவரே. எம்பேர ஏன் நாசமாக்குனீங்க?”

அவன் உள்ளே போனான். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேருக்கு அவள் பாத்திரம் ஒட்டிக்கொடுத்திருக்கிறாள். அவர்கள் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பரிசோதகரிடம் அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கிச் சந்தை வாசலில் ஒட்டினாள். சிங்களத்தில் இருந்ததால் நின்று படித்தவர்கள் குறைவு. இரண்டு நாள் மழையில் அதுவும் உரிந்து விழுந்தது.

பிறகு வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, ஆனால் ஒளித்து. சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். எங்கே ஒட்டியது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பார்கள். இராக்கம்மா வாங்கிக்கொண்டாள், சாப்பிட வேண்டுமே.

தை மாதம் விஜேந்திரனின் மனைவி வள்ளியம்மை வந்தாள். சீலைத் தலைப்புக்குள் ஒரு பித்தளைக் குடம்; கழுத்தோரம் வெடித்திருந்தது.

“அம்மா வீட்டுச் சீருக்கா. அவருக்குத் தெரிய வேணாம்.”

இராக்கம்மா குடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அரை மணி நேர வேலை. திரும்ப அவள் கையிலேயே கொடுத்தாள்.

“அவரையே கொண்டாரச் சொல்லுங்க. எல்லாருக்கும் தெரிய, பகல்ல. செஞ்சு தாறேன்.”

வள்ளியம்மை அழுதாள். தான் என்ன செய்தேன் என்று கேட்டாள். அவள் ஒன்றும் செய்யவில்லைதான். அது இராக்கம்மாவுக்கும் தெரியும்.

விஜேந்திரன் வரவில்லை. அந்த வீட்டில் இப்போது பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டு இராக்கம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தப்புச் செய்யாத ஒருத்தியை அழவைத்தது மட்டும்தான் இவ்வளவுக்கும் தன்னால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.